சூடும் உப்பும் நுரையும்

"ஏனுங்க, ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணியாட்டம் நொரை நிக்குதுங்களே, என்னவா இருக்கும்?" கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி முதலில் மருத்துவரிடம் போவதில்லை. டீக்கடை பெஞ்சிலோ, மெடிக்கல் ஷாப்பிலோ, பக்கத்துத் தறி ஓட்டுபவரிடமோதான் கேட்கப்படுகிறது. பதிலும் தயாராக இருக்கும். "சூடுங்க. ரெண்டு நாளைக்கு எளநி குடிங்க, வெந்தயம் ஊற வெச்சுச் சாப்புடுங்க, சரியாப் போயிரும்." கேட்டவர் கர்ப்பிணியாக இருந்தால் பதில் மாறும். "உப்பு இருக்கும் அம்மிணி, சோத்துல உப்பைக் கொறச்சுக்கோ."

சூடு, உப்பு. சிறுநீர் நுரைக்கு நம் ஊரில் இந்த இரண்டு விளக்கங்கள்தான் புழக்கத்தில் உள்ளன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் நம்மை மேற்கொண்டு விசாரிக்கவிடாமல் செய்கிறது. பத்துப் பேருக்கு இளநீரில் சரியாகிவிடும். பதினோராவது ஆளுக்கும் அதே இளநீர்தான் சொல்லப்படும். அவருக்குச் சிறுநீரகம் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்பது இரண்டு மூன்று வருடம் கழித்துக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, கோவைக்குக் கொண்டுவரும்போதுதான் தெரியும். கண்ணால் பார்க்கிற நுரையை எங்கே சும்மா விடலாம், எங்கே விடக்கூடாது என்பதை முழுதாக ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நுரை எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். குடத்துத் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினால் குமிழி கிளம்பும், கிளம்பிய வேகத்தில் உடையும். தண்ணீரின் பரப்பு இழுவிசை குமிழியின் தோலை இழுத்துக் கிழித்துவிடுகிறது. அதே தண்ணீரில் சோப்போ முட்டை வெள்ளையோ கலந்தால் இழுவிசை தளர்ந்து, குமிழி நிலைத்து நிற்கும். முட்டை வெள்ளையில் இருப்பது புரதம். சிறுநீரில் கசியும் அல்புமினும் புரதம்தான். அந்தப் பெயரே முட்டை வெள்ளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆம்லெட்டுக்கு முட்டை அடிக்கும்போது எழும் நுரையும், கழிப்பறையில் நின்றுகொண்டிருக்கும் நுரையும் ஒரே காரணத்தால் உண்டாகலாம்.

'உண்டாகலாம்' என்றுதான் சொல்ல முடியும். நெடுநேரம் அடக்கி வைத்துவிட்டு வேகமாகப் போனால் யாருக்கும் நுரை வரும். நின்றுகொண்டு போகும் ஆண்களுக்கு, விழும் உயரம் அதிகம் என்பதால், இன்னும் அதிகம் வரும். கழிப்பறை கழுவும் திரவம் பீங்கானில் மிச்சமிருந்தால் தண்ணீர் பட்டாலே நுரைக்கும். தோட்டத்திலும் வரப்போரத்திலும் ஒதுங்கிய காலத்தில் மண் உறிஞ்சிவிட்டதால் நுரையைக் கவனிக்கும் வாய்ப்பே குறைவு. வீட்டுக்கு வீடு பீங்கான் கோப்பை வந்த பிறகுதான் பலர் தங்கள் சிறுநீரை முதன்முறையாக உற்றுப் பார்க்கிறார்கள். புதிதாகக் கண்ணில் பட்ட நுரை எல்லாம் புதிதாக வந்த நுரை ஆகிவிடாது.

'சூடு' என்று சொல்வது பொருந்தும் இடம் ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் ஈரோட்டிலும் கரூரிலும் 40 டிகிரியைத் தாண்டும்போது, மஞ்சள் வேக வைக்கும் இடத்திலோ, சாயப்பட்டறையிலோ, தகரக் கூரைத் தறிக்குடோனிலோ நாள் முழுக்க வேர்த்துவிட்டுப் போகும் சிறுநீர் அடர்ந்து, மஞ்சள் ஏறி, கொஞ்சம் நுரைக்கவும் செய்யும். நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்யும் பெண்களில், அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று ஷிப்டு முடியும்வரை தண்ணீரே குடிக்காதவர்கள் உண்டு. தண்ணீர் நன்றாகக் குடித்து, சிறுநீர் வெளுத்து, நுரையும் போய்விட்டால் அந்த நுரைக்குக் காரணம் நீர்ச்சத்துக் குறைவுதான். சூடு என்று நம் பாட்டிகள் சொன்னதும் அதைத்தான்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. கோப்பையை வெறும் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, ஆண்களும் உட்கார்ந்து போய்விட்டு, சில நிமிடம் கழித்துப் பாருங்கள். பெரிய பெரிய குமிழியாகக் கிளம்பி உடைந்துவிட்டால் கவலை இல்லை. பொடிப்பொடியாக, அடுக்கடுக்காக, வெள்ளையாக, சிறுநீரை மூடிக்கொண்டு அப்படியே நின்றால், அதுவும் போதுமான தண்ணீர் குடித்த நாட்களிலும் தொடர்ந்தால், பரிசோதனை செய்தே ஆக வேண்டும். நுரை போகுது என்று மருத்துவமனைக்கு வந்த எழுபது சொச்சம் பேரைக் கொரியாவில் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் சிறுநீரில் தெளிவாகப் புரதம் இருந்தது. ஐந்தில் நால்வர் பயப்பட வேண்டியதில்லை என்று இதைப் படிக்கலாம். என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. மருந்துக்கு வழி இருக்கும் கட்டத்திலேயே ஐந்தில் ஒருவர் பிடிபட்டிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

புரதம் ஏன் வெளியே வருகிறது? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, தேவையானதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக அனுப்புகின்றன. அந்த வடிகட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் செல்கள் தங்கள் கால்விரல்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. தறி தெரிந்த ஊருக்கு இதை விளக்குவது எளிது: பாவும் ஊடும் நெருங்கிய துணி போன்றது அது. தண்ணீர் போகும், உப்பு போகும், யூரியா போகும், அல்புமின் போகாது. சர்க்கரையோ, உயர் ரத்த அழுத்தமோ, உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறாகத் தாக்குவதோ அந்த நெசவைக் குலைத்தால் கண்ணி பெரிதாகிறது, புரதம் ஒழுகுகிறது. நல்ல சிறுநீரகம் நாளுக்கு 150 மில்லிகிராமுக்குக் குறைவாகவே மொத்தப் புரதத்தை வெளியே விடும். மூன்றரை கிராமுக்கு மேல் போனால் ரத்தத்தில் அல்புமின் வற்றி, உடலில் நீர் கோத்து, முகமும் காலும் வீங்கும். அதை நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் ஒன்றை அடிக்கடி கேட்கிறார்கள். புரோட்டீன் பவுடர் சாப்பிட்டால் அந்தப் புரதம்தானே நுரையாக வருகிறது என்று. வருவதில்லை. தின்ற புரதம் செரித்து, உடைந்து, யூரியாவாகத்தான் வெளியேறும். நெசவு சரியாக இருந்தால் எவ்வளவு கோழி தின்றாலும் அல்புமின் வெளியே வராது. நுரைக்கான பழியைப் பவுடர் மேல் போட்டுவிட்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது தவறு.

நுரையைப் பார்த்து நோயைத் தேடும் பழக்கம் நமக்கு மேற்கிலிருந்து வந்ததல்ல. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி நூல் சிறுநீரில் கவனிக்கச் சொல்லும் ஐந்தில், நிறம், எடை, மணம், எஞ்சல் ஆகியவற்றோடு நுரையும் இருக்கிறது. நெய்க்குறியில் நல்லெண்ணெய் ஒரு துளி விட்டு, பாம்பு போல நீள்கிறதா, மோதிரம் போலப் பரவுகிறதா, முத்துப் போல நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொல்வார்கள். எண்ணெய்த் துளி பரவும் விதமும் பரப்பு இழுவிசையைப் பொறுத்ததுதான். அந்தப் பெரியவர்கள் உற்றுப் பார்த்த இடம் சரியான இடம். கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டஸ் பெயரிலான குறிப்புகளும் சிறுநீரின் மேல் நிற்கும் குமிழியைச் சிறுநீரக நோயோடு சேர்த்தே பேசின. ஆனால் எந்த நுரை நோய், எந்த நுரை வெறும் குமிழி என்று பிரித்துக் காட்டக் கண்ணால் முடியாது. அதைச் செய்தது நெருப்பு. 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டொமெனிகோ கொட்டுனோ, உடல் வீங்கிய ஒரு படைவீரனின் சிறுநீரைச் சூடுபடுத்தியபோது அது முட்டை வெள்ளை போலத் திரண்டது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட், கரண்டியில் சிறுநீரை ஊற்றி மெழுகுவத்தியில் காட்டி, திரண்டவர்களின் சிறுநீரகத்தை இறப்புக்குப் பின் திறந்து பார்த்து, 1827-ல் இரண்டையும் முடிச்சுப் போட்டார். 1950-களில் நிறம் மாறும் காகிதப் பட்டை வந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனை, இருநூறு வருடத்துக்கு முன் அந்தக் கரண்டியில் தொடங்கியது.

இனி 'உப்பு'. இந்தச் சொல் செய்யும் குழப்பம் பெரிது. கர்ப்பிணியின் சிறுநீரில் அல்புமின் இருந்தால் 'யூரின்ல உப்பு இருக்கு'. கிரியேட்டினின் ஏறினால் 'ரத்தத்துல உப்பு ஏறிருச்சு'. சமையலறையில் இருப்பதும் உப்பு. மூன்றும் வேறு வேறு. முதலாவது வடிகட்டி ஒழுகுவதைச் சொல்கிறது. இரண்டாவது வடிகட்டும் வேலையே குறைந்துவிட்டதைச் சொல்கிறது. மூன்றாவதைக் குறைத்தால் ரத்த அழுத்தமும் வீக்கமும் கட்டுப்படும், குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அது மட்டுமே ஒழுகலை அடைத்துவிடாது. ஊறுகாயை நிறுத்திவிட்டோம், இனி உப்பு சரியாகிவிடும் என்று மாத்திரையையும் நிறுத்தியவர்கள் எத்தனை வீடுகளில்! மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிக்குப் புரியட்டும் என்றுதான் உப்பு என்கிறார்கள். 'புரதம் ஒழுகுது' என்று சொன்னால் எந்தப் பாட்டிக்கும் புரியும். அந்தச் சொல்லுக்கு மாறும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்து. இருபது வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் வந்தால் அது முன்சூல்வலிப்பு நிலையாக இருக்கக்கூடும். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது ஆகியவை சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் சிறுநீர் கேட்பது இதற்காகத்தான். மாதாமாதம் எதற்கு என்று சலித்துக்கொண்டு தவிர்க்கும் வீடுகள் இன்னும் உண்டு.

குழந்தைகளுக்கு வேறு மாதிரி. இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தை காலையில் எழும்போது கண்ணிமை வீங்கியிருக்கும், மாலைக்குள் வடிந்துவிடும். தூசு, அலர்ஜி என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவோம். சில நாளில் வயிறும் காலும் உப்பி, சிறுநீர் குறைந்து நுரைக்கும்போதுதான் நெஃப்ராட்டிக் என்று தெரிய வரும். பெற்றோருக்கு ஆறுதலான உண்மை: இந்த வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு மாத்திரையில் ஒழுகல் நின்றுவிடும். பலருக்கு மீண்டும் மீண்டும் வரும். அதனால்தான் வீட்டிலேயே காலைச் சிறுநீரைப் பட்டை வைத்தோ, கண்ணாடிக் குழாயில் சூடுபடுத்தியோ பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிரைட்டின் கரண்டி இன்றும் வேலை செய்கிறது. இந்தக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு கடுமையான வயிற்றுவலி வந்தால் காத்திருக்கவே கூடாது. வயிற்றுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம்.

பெரியவர்களில் முதல் காரணம் சர்க்கரை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இன்டியாப் (INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். சர்க்கரை சிறுநீரகத்தைத் தொடும்போது முதலில் கசிவது மிகக் குறைந்த அளவு அல்புமின். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 முதல் 300 மில்லிகிராம்வரை. இந்த அளவில் பெரும்பாலும் நுரை தெரியாது, வழக்கமான பட்டையும் காட்டாமல் போகலாம். யூரின் மைக்ரோ அல்புமின் அல்லது ஏ.சி.ஆர். என்ற சோதனைதான் காட்டும். நுரை கண்ணுக்குத் தெரியும் கட்டத்தில் நோய் பெரும்பாலும் சில வருடம் முன்னேறியிருக்கும். மாதம் தவறாமல் சாப்பாட்டுக்கு முன், பின் என்று ரத்தம் கொடுக்கும் எத்தனையோ பேர் ஒருமுறைகூட ஏ.சி.ஆர். பார்த்ததில்லை. கோவைக் கண் மருத்துவமனைகளுக்குப் பார்வை மங்கல் என்று போனவருக்கு, விழித்திரையில் ரத்தக்கசிவைப் பார்த்துவிட்டு, கிட்னியையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவது வழக்கம். விழித்திரையையும் சிறுநீரகத்தையும் சர்க்கரை பாதிக்கும் வழி ஒன்றே, நுண்ணிய ரத்தக்குழாய்.

இளைஞர்களிடம் நுரை கிளப்பும் பயம் தனியானது, வெளியே சொல்லப்படாதது. சிறுநீர் நுரைத்தாலோ வெளுத்தாலோ 'தாது' வெளியேறுகிறது, ஆண்மை போகிறது என்று நம்பி உள்ளுக்குள் உருகுபவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவெங்கும் உள்ள இந்த அச்சத்துக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல் தாது நோய்க்குறி என்று பெயரே வைத்தார். புராஸ்டேட் அறுவைக்குப் பின்னரும், சில மாத்திரைகளாலும், நீண்டநாள் சர்க்கரையாலும் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்று சிறுநீரோடு வருவது உண்டு. அது உடலுக்குக் கேடு செய்வதில்லை. மற்றபடி நுரைக்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை. கேடு அந்தப் பயத்துக்கு விற்கப்படும் பண்டத்தில் இருக்கிறது. லாட்ஜ் அறையில் தேதி போட்டு வந்து போகிறவர் தரும் பெயரில்லாத லேகியத்திலும் பஸ்பத்திலும் பாதரசம் இருக்கலாம்.

பாதரசத்தைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது அண்மைக் கதை, பக்கத்துக் கதை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் புறம், கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரகத் துறைக்கு நுரையோடும் வீக்கத்தோடும் வந்தவர்களை மருத்துவர்கள் கூர்ந்து பார்த்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர்வரை மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி என்ற நோய் கண்ட 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்ற அரிதான வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமில் பாதரசம். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு ஒழுகல் குறைந்தது. அதற்கு முன்பே, 2022-ல், சென்னைச் சிறுநீரகத் திசு ஆய்வாளர்கள் இதே நெல்-1 வகைக்கும் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவரையும் உரிமம் பெற்ற மருந்தையும் நான் இதில் சேர்க்கவில்லை. சீட்டில்லாத பொட்டலமும், சேர்மானம் எழுதாத கிரீம் டப்பாவும்தான் ஆபத்து. இல்லாத நோயைக் குணப்படுத்தப் போய் உண்மையான நுரையை வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய கொடுமை. புதிதாக நுரை கண்டவர் மருத்துவரிடம் போகும்போது தின்கிற பொடி, பூசுகிற கிரீம், வலி மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும்.

வலி மாத்திரை என்றதும் நம் பக்கத்து வழக்கம் நினைவுக்கு வருகிறது. நாள் முழுக்கத் தறிக்கு நின்ற கால் கடுக்கும், களை எடுத்த இடுப்பு பிடிக்கும். "ஒரு ஊசி போட்டுருங்க டாக்டரே, நாளைக்கு வேலைக்குப் போவோணும்." டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் எப்போதோ ஒருமுறை என்றால் சரி, வாரக்கணக்கில், அதுவும் வேர்த்து வறண்ட உடம்பில் போட்டால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தையே குறைத்துவிடும்.

இதுவரை சொன்னதற்கு நேர்மாறான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். நுரையே வராமல் சிறுநீரகம் கெடுவது உண்டு. தமிழகத்தில் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2025-ல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ போன்ற வழக்கமான காரணம் ஏதும் இல்லை. வெயிலில் வருடக்கணக்கில் உழைப்பது மீது சந்தேகம் விழுந்திருக்கிறது. இலங்கையின் அனுராதபுரம் பகுதி நெல் விவசாயிகளிடமும், ஆந்திரத்தின் உத்தானத்திலும் இதே போன்ற நோய் பல குடும்பங்களை அழித்திருக்கிறது. இந்த வகையில் வடிகட்டியைவிட அதைத் தொடரும் குழாய்கள்தான் முதலில் கெடுகின்றன. புரதம் கொஞ்சமே கசியும். வெயிலில் உழைக்கும் விவசாயி, தேங்காய் பறிப்பவர், செங்கல் சூளைக்காரர் ஆகியோர் நுரை இல்லையே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அவர்களுக்கு ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

ஒரே சிறுநீரகத்தோடு வாழ்பவர்களையும் விட்டுவிட முடியாது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் இடைத்தரகர் மூலம் சிறுநீரகத்தை விற்ற செய்தி தமிழகத்தையே உலுக்கியது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். அந்தத் தொழிலாளர்களின் உடம்பைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இருவர் செய்த வேலையை ஒருவர் செய்யும்போது வடிகட்டியில் அழுத்தம் கூடும். பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் புரதக் கசிவும் வரலாம். மகனுக்கோ கணவருக்கோ மனமுவந்து கொடுத்த தாய்மார்களுக்கும் இது பொருந்தும். வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம், சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின் பார்ப்பது இவர்களுக்குக் கட்டாயம்.

பரிசோதனை என்றால் பெரிய செலவோ என்று தயங்க வேண்டாம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரின் நடுப்பகுதியைச் சுத்தமான குப்பியில் பிடித்துக் கொடுத்தால் போதும். பட்டையில் டிரேஸ், ஒன்று பிளஸ், இரண்டு பிளஸ் என்று வரும். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, மாதவிடாய், நீர்க்கடுப்பு இருக்கும்போது தற்காலிகமாகப் புரதம் தெரியலாம். அவை போன பிறகு மறுபடி பார்க்க வேண்டும். வளரும் பருவத்துப் பிள்ளைகளில் சிலருக்கு நின்று நடமாடும்போது மட்டும் கசிந்து, காலை முதல் சிறுநீரில் இல்லாமல் போகும், அது நோயில்லை. பட்டை அல்புமினை மட்டுமே நன்றாகப் பிடிக்கும். வயதானவருக்கு நுரை, முதுகுவலி, ரத்தசோகை மூன்றும் சேர்ந்திருந்து பட்டையில் ஒன்றும் வராவிட்டால் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமாவுக்கும் தேட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் புரதம் நீடித்தால்தான் நாள்பட்ட நோய் என்று சொல்வார்கள். கிரியேட்டினினை மட்டும் பார்த்து நார்மல் என்று திரும்பிவிடுவதும் தவறு. சிறுநீரக வேலை பாதியளவு குறையும்வரைகூட அது ஏறாமல் இருக்கலாம்.

எப்போது ஓட வேண்டும்? நுரையோடு முகமோ காலோ வீங்கினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் அளவு சுருங்கினால், நிறம் கருப்பட்டிக் காபி போலவோ ரத்தமாகவோ மாறினால், குளிர்காய்ச்சலோடு விலாப்புறம் வலித்தால் அன்றைக்கே. நுரையே மஞ்சளாக இருந்து கண்ணும் மஞ்சளானால் சிறுநீரகத்தைவிடக் கல்லீரலைப் பார்க்க வேண்டும். பித்த உப்பும் சோப்பு போல நுரைக்கும். இவை எதுவும் இல்லாமல், தண்ணீர் குடித்தும் நுரை சில நாளுக்கு மேல் நீடித்தால் அந்த வாரத்துக்குள் ஒரு சிறுநீர் சோதனை. சர்க்கரை, பி.பி. இருப்பவர், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர் நுரைக்காகக் காத்திருக்கவே கூடாது. வருடம் ஒருமுறை ஏ.சி.ஆர். பார்த்துவிட வேண்டும்.

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது, கடைசியில் டயாலிசிஸ்தானே என்று சலிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகள் வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைத்து ஒழுகலைக் குறைக்கும். பி.பி. நார்மல் ஆகிவிட்டதே என்று இவற்றை நிறுத்துவது பெருந்தவறு. பலருக்கு அவை பி.பி.க்காக மட்டும் கொடுக்கப்பட்டவை அல்ல. கர்ப்பிணிகளுக்கு மட்டும் இவை ஆகாது. டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை, சர்க்கரை இல்லாதவருக்கும் சிறுநீரகக் கேட்டை மெதுவாக்கும் என்று 2020-ல் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. இங்கே இப்போது குறைந்த விலையிலேயே கிடைக்கிறது. இவற்றையெல்லாம் தொடங்கும் காலம் ஒழுகல் மட்டும் இருக்கும் காலம். கிரியேட்டினின் ஏறிய பிறகு பொள்ளாச்சி இளநீர்கூட எதிரியாகலாம். அதிலுள்ள பொட்டாசியத்தைக் கெட்ட சிறுநீரகம் வெளியேற்றாது, இதயத்துடிப்பே தடுமாறும். வாழைத்தண்டுச் சாற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2023-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டமும் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், பஸ் ஏறி வந்து இயந்திரத்தோடு கட்டிக் கிடக்கும் வாழ்க்கையைத் தள்ளிப்போட உதவும் முதல் சோதனை உங்கள் ஊரிலேயே கிடைக்கிறது. அடுத்த முறை சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போகும்போது, காலையில் பிடித்த சிறுநீரையும் ஒரு குப்பியில் எடுத்துப் போய், "இதுல புரதம் ஒழுகுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.